கண்ணை மூடச் சொன்ன போதகருக்கு

குடிகாடு

மகனே,

போனை நீ எடுப்பதில்லை. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள்.

வாலிபர் கூட்டத்தில், "எல்லாரும் கண்ண மூடிக்கிங்க. உடம்பு ஆசையில தடுமாறுறவங்க கையத் தூக்குங்க, ஆண்டவரு மட்டுந்தான் பாப்பாரு" என்றாயாமே. நம்பிக் கை தூக்கிய எப்சிபாவுக்கு முதல் திருவிருந்து அப்பம் கிடையாது என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாய். நீ எதுக்குடா கண்ணைத் திறந்தாய்?

பதினாறு வயதில் சிதம்பரத்தில் கெட்ட படத்துக்கு வரிசையில் நின்றாயே, நான் பார்த்தேன். உன் அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. அன்று ராத்திரி வீட்டில் உன் பக்கத்தில் முழங்கால் போட்டு ஜெபித்தேன். அடுத்த ஞாயிறு உனக்குத் திருவிருந்து கொடுத்தார்கள்.

அந்தப் பிள்ளை கோயில் வாசலுக்கே வருவதில்லை. நீயே போய் மன்னிப்புக் கேட்டுக் கூட்டிவா. அவளுக்குக் கொடுக்காத அப்பத்தை எனக்கும் நீட்டாதே.

உன் அப்பா