நகம் பார்க்கிற டீச்சர்

7 ஜூன் 2004, திங்கள்

விடாத மழை. பிள்ளைகளின் கால்களில் அட்டை. காலைக் கூட்டம் இல்லை. நாலாம் வகுப்பில் நகச் சோதனை மட்டும். ஏழு பேர் அழுக்கு. தங்கமலரின் விரல்கள் மூன்றாவது திங்களும் அதே கறுப்பு. இரண்டு அடி. வாயே திறக்கமாட்டாள்.

சுகாதாரப் பாடம் இப்போது புது டீச்சர் நிர்மலாவுக்கு. பலாங்கொடையிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பதினோரு வருடம் நான் எடுத்த பாடம். அதிபர் சொல்கிறார், "அவங்க புது முறையெல்லாம் படிச்சிட்டு வந்திருக்காங்க டீச்சர்." எனக்கு மிச்சம் நகமும் பிரம்பும்.

வாங்க வேண்டியது: சோக், துணிக்கு நீலம், அப்பாவுக்குத் தைலம்.

8 செவ்வாய்

மழைதான். நிர்மலா காலுக்குப் போடும் சப்பாத்து வந்த பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறாள். வாயால் சொல்ல முடியாததைப் பிள்ளைகள் எழுதிப் போட வேண்டுமாம். பெயர் போடத் தேவையில்லையாம். மனசுப் பெட்டி! சிரிப்பு வந்தது. மத்தியானம் பார்த்தால் அதன் முன் வரிசை. என் மேசைக்கு வந்தது ஒருத்தி, வயிற்றுவலி என்று, அதுவும் வீட்டுக்குப் போக.

பள்ளி விட்டதும் அவள் குடைக்குள் நாலு பிள்ளைகள். "டீச்சர், நாளைக்கும் வருவீங்கதானே?" என்னிடம் இதுவரை ஒரு பிள்ளை அப்படிக் கேட்டதில்லை. வயிறு எரிந்தது. எழுதிவிட்டேன், யார் பார்க்கப் போகிறார்கள்.

10 வியாழன்

கொஞ்சம் வெயில். இடைவேளையில் நிர்மலா ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்தாள்.

"அக்கா, பெட்டியில கெடந்துச்சு. எனக்குப் பதில் தெரியலைங்க. நீங்க தோட்டத்துலயே பொறந்தவங்க, சொல்லுங்களேன்."

பென்சில் எழுத்து. "சனி ஞாயிறு அம்மாவோட கொழுந்து எடுக்கிறேன். கறை சவுக்காரம் போட்டும் போகல. நகம் பாக்குற டீச்சர் அடிக்கிறாங்க. என்ன செய்யணும்?"

பெயர் இல்லை. தங்கமலரின் எழுத்து எனக்குத் தெரியாதா?

தேயிலைக் கொழுந்துக் கறை. அழுக்கு இல்லை. என் அம்மாவின் விரல்களும் அப்படித்தான் இருந்தன. கோயிலுக்குப் போகிற நாளில் எலுமிச்சங்காயும் உப்பும் போட்டுத் தேய்ப்பார், முக்கால்வாசி போய்விடும். அந்தக் கையால் சோறு தின்று வளர்ந்தவள் நான், மூன்று திங்கள் பார்த்தும் தெரியவில்லை.

நிர்மலாவிடம் "தெரியாது" என்றேன். சொன்னால் அதையும் அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். பிள்ளை அவளைத்தான் கட்டிக்கொள்ளும்.

கேவலம்.

11 வெள்ளி

தூறல். பையில் இரண்டு எலுமிச்சங்காய், காகிதத்தில் உப்பு. நிர்மலா ஐந்தாம் வகுப்பில் இருக்கும் நேரம் பார்த்துத் தங்கமலரை மலைத் தண்ணீர் பீலி வழியாக விழும் இடத்துக்குக் கூட்டிப்போனேன். காயை அறுத்து உப்பில் தொட்டேன்.

"கையை நீட்டு."

நீட்டினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.