நீங்கள் காணிக்காரர் பக்கம் பேசிய நாள்

அண்ணை,

உங்கள் கோழி எரு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. இன்று காலை என் வான் வண்டியின் பின்கதவைத் திறந்தேன்; உள்ளேயிருந்து எழுந்து நின்று வணக்கம் சொன்னது. ஒன்ராறியோ ஏரியில் தண்ணீர் வற்றியதே நான் இந்த வானைக் கழுவித்தான் என்று ஸ்காபரோவில் ஒரு கதை. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பா, பிளீஸ், உந்த வானை வித்துப்போடுங்கோ" என்கிறாள். மூக்கில்லாத ஒருவனை நான் எங்கே போய்த் தேடுவது?

நான் வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட, வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ரில் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்த காலம். நீங்கள்தான் வந்து கதவைத் தட்டினீர்கள். "ஐசே, உம்மட வானும் சும்மா நிக்குது, நீரும் சும்மா இருக்கிறீர். ரெண்டு பேரும் வாங்கோ." அன்றிலிருந்து, ஒஷாவாவுக்கு அப்பால் நீங்கள் குத்தகைக்குச் செய்த தோட்டத்தின் போக்குவரத்து அமைச்சர் நான். எரு போகும், கத்தரிக்காய் வரும். உங்கள் கத்தரிக்காய் ஒன்றைப் பின்னால் ஏற்றினால் முன்சில்லு இரண்டும் நிலத்தைவிட்டு எழும்பும். பொய்யென்றால் வானைக் கேளுங்கள்.

அந்தத் தோட்டக் காணி, மிசிசாகாவில் வசிக்கும் நம்மட டொக்டர் ஒருவருடையது. நல்ல மனிசன். வீட்டுத்திட்டம் வரும், விலை ஏறும் என்று வாங்கிப் போட்டவர். நீங்கள் பயிர் செய்ததால் அது விவசாய நிலமாயிற்று, அவருடைய காணிவரியும் குறைந்தது. ஆனால் உங்கள் குத்தகை மட்டும் வாய்ப்பேச்சு. ஒவ்வொரு இலையுதிர் காலமும் "அடுத்த வருஷம் பாப்பம் அண்ணை" என்பார். நாற்றுக்கு ஒரு பிளாஸ்ரிக் கூடாரம் போடத் தவித்தீர்கள். வருகிற வருடம் இருப்போமோ தெரியாத நிலத்தில் எந்த நம்பிக்கையில் தூண் நடுவது?

அப்போதுதான் முதியோர் சங்கம் பட்டிமன்றம் வைத்தது. அரசாங்கத்தின் விவசாயச் சலுகை சேரவேண்டியது உழுகிறவருக்கா, காணிக்காரருக்கா? சீட்டுக் குலுக்கினார்கள். வீட்டில் மணிபிளான்ரையே பட்டினி போட்டுக் கொன்ற எனக்கு உழுகிறவர் பக்கம். கையில் மண் காயாத உங்களுக்குக் காணிக்காரர் பக்கம்! "மாத்தித் தரச் சொல்லுவம் அண்ணை" என்றேன். "விடும் ஐசே, உதுதான் நல்லது" என்று சிரித்தீர்கள். முன்வரிசையில் டொக்டர்.

நான் முழங்கினேன். மேசையில் அடித்தேன். நகரத்தின் மறுகோடியில் பார்க்டேல் வரை ஜன்னல்கள் அதிர்ந்தன. "காணிக்காரருக்கு ஒரு சதமும் குடுக்கக்கூடாது!" பலத்த கைதட்டல். டொக்டரின் முகம் கறுத்துவிட்டது. உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, உங்கள் தோட்டத்துக்கு என் வாயாலேயே கொள்ளி வைத்துவிட்டேன் என்று.

நீங்கள் ஆறுதலாக எழுந்தீர்கள். "காணிக்காரரை ஏசாதேங்கோ. அவர் காசு போட்டவர், வரி கட்டிறவர், விலை ஏறுமோ இறங்குமோ எண்டு நித்திரையில்லாமல் இருக்கிறவர். சலுகையை அவருக்கே குடுங்கோ. ஆனால் என்ரை கத்தரி நிண்டால்தான் அவருக்கு அந்தச் சலுகை. எப்ப பிடுங்குவாங்களோ எண்டு பயந்துகொண்டு நிக்கிற கத்தரி காய்க்குமே? காணிக்காரற்ரை நன்மைக்காகத்தான் கேக்கிறன், அந்தக் கத்தரிக்கு ஒரு அஞ்சு வருஷம் எழுதிக் குடுங்கோ."

சபை கொல்லென்று சிரித்தது. டொக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். தேத்தண்ணி குடிக்கிற நேரம் உங்களிடம் வந்து, "கத்தரிக்கு எழுதேலாது. உங்களுக்கு எழுதட்டே அண்ணை?" என்றார்.

திரும்பும்போது வானில் கேட்டேன், "எப்பிடி அண்ணை மற்றப் பக்கம் நிண்டு வெண்டனீங்கள்?"

"டொக்டரின்ரை கதையை அவரிலும் வடிவா நான் சொன்னன். பிறகு என்ரை கதையைக் கேக்காமல் மனிசன் என்ன செய்யும்?"

கூடாரம் எழும்பியது. அதற்குள் நின்று நீங்கள் சக்கரவர்த்தி மாதிரி நாற்றுக்களைப் பார்வையிடுவீர்கள். அந்த ஐந்து வருடம் முடியுமுன் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

இந்த வசந்தத்தில் குத்தகையும் முடிய, டொக்டர் உங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவி, பேசச் சொல்லி என்னைப் பார்த்தா. கூடாரத்தை விட மனமில்லை அவவுக்கு. நான் மேசையில் அடிக்கவில்லை, அண்ணை. வீடு கட்டுகிறவர்கள் வந்து நெருக்க நெருக்க இந்தக் காணியை விற்காமல் வைத்திருக்க டொக்டர் படும் பாட்டை முதலில் நானே சொன்னேன். என்னால் முடிந்தவரை பெருப்பிக்காமல் சொன்னேன். அவர் அக்காவிடம் திரும்பி, "உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்கோ" என்றார்.

இன்னும் ஐந்து வருடம். போன கிழமை கையெழுத்தாயிற்று.

என்னை அந்த பேஸ்மென்ரிலிருந்து வெளியே இழுத்தீர்கள். இவ்வளவு பெரிய வாயை எப்போது மூடுவது என்றும் காட்டிவிட்டுப் போனீர்கள். இரண்டையும் வைத்துத்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

நாற்று நடவும் அக்கா என்னையே விட்டிருக்கிறா. சேதி கேட்டுக் கத்தரிகள் நடுங்குகின்றனவாம். வான் விற்பனைக்கில்லை என்று மகளிடம் சொல்லிவிட்டேன். பழைய எரு மணம் தனியாக இருக்கிறது. அதற்குத் துணையாகப் புதிசு ஏற்றத்தான் இப்போது புறப்படுகிறேன், அண்ணை.