தலைவர் படத்துக்குப் பின்னால்

தவளைமேடு, ஹூனான்
மார்ச் 1979

வடகோடி ஹெய்லோங்ஜியாங் பனியையே நடுங்க வைக்கும் மருமகள் பெய்ரோங்குக்கு, டோங்டிங் ஏரிக்குத் தெற்கே ஈடு இணையற்ற உன் தாய்மாமன் ஜென்பாங் நலம் கேட்டு எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். உன் அம்மாவின் மூட்டு முன்கூட்டியே மழை சொல்கிறது. வானிலைக்காரர்கள் பிழைப்புக்கு வேறு வழி பார்க்கட்டும்.

போன வாரம் நடந்த கூட்டத்தில் உங்கள் வீட்டின் 'நிலப்பிரபு' முத்திரையை நீக்கிவிட்டார்கள். ஒன்றரை எருமையையும் ஒரு வாத்துக் குட்டையையும் வைத்திருந்த உன் அப்பா எப்படிப் பிரபுவானார் என்று அந்த எருமைக்கே கடைசிவரை புரியவில்லை.

அந்த மகிழ்ச்சியில், அந்தக் காலத்தில் ஊரே வந்து கூடிய உங்கள் கூடத்துச் சுவரில் உள்ள தலைவர் மாவோ படத்தைத் துடைக்க நான் முக்காலியில் ஏறினேன். அடுப்படியில் உன் அம்மா மிளகாய் வதக்கினாள். நான் போட்ட தும்மலில் ஏரி ஓரடி பின்வாங்கியது. தலைவரும் நானும் சேர்ந்தே தரையிறங்கினோம். கண்ணாடி சுக்குநூறு.

சரியாக அப்போது வாசலில் கட்சிச் செயலாளர் லுவோ! பத்து வருடத்துக்கு முன்னால் என்றால் இந்தக் கடிதம் சிறையிலிருந்து வந்திருக்கும். அது போதாதென்று, உடைந்த சட்டத்துக்குள்ளிருந்து இன்னொரு படம் நழுவி விழுந்தது. உன் அப்பா.

அவர் இறந்த வாரமே உன் அம்மா அங்கே ஒளித்து வைத்தாளாம். "எவனும் கை வச்சுத் தேடத் துணியாத இடம் அது ஒண்ணுதானேடா" என்றாள்.

லுவோ குனிந்து படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு அவர் தலையில் அடித்துக்கொண்டு, "அட அக்கா! ஊரே காலையும் மாலையும் இங்கதானே குனிஞ்சு வணங்குச்சு? முன்வரிசையில நான்தானே நின்னேன்!" என்று சிரித்தார், சிரித்தபடியே கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார்.

தலைவர் படத்தை இனி என்ன செய்வது என்று கேட்டேன். "எங்கப்பாவுக்கு நிலம் கிடைச்சது அவராலதான். இந்த மனுஷன் நொந்து செத்ததும் அவராலதான். நான் என்னய்யா சொல்ல?" என்றார் லுவோ.

தீர்ப்பு உன் அம்மாவுடையது. "அவர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பக்கத்துலயே இவரையும் மாட்டு. நில வழக்கை ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்கிடட்டும்."

மாட்டிவிட்டேன். இரண்டு நாளாகப் பார்க்கிறேன், சண்டை எதுவும் கேட்கவில்லை.

இனி உன் சேதி. உன்னை அனுப்பி வைத்த வடக்குப் பண்ணையிலிருந்து ஊர் திரும்ப அனுமதி கிடைத்தும், அப்பாவை அப்பா இல்லை என்று கூட்டத்தில் சொன்னவள், சவத்துக்குக்கூடத் தலை வணங்காதவள், எந்த முகத்தோடு வருவேன் என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "அவர் போனதுலேருந்து வடக்கே ரயிலேறுற வரைக்கும், தினம் காலையில அந்தப் படத்துக்கு முன்னால முதல் ஆளா நின்னு வணங்குனது அவதானே? அத்தனையும் அவருக்கும் போய்ச் சேர்ந்துருக்கு. எழுதுடா அவளுக்கு."

எழுதிவிட்டேன்.

முன்னோர் கல்லறைகளைச் சுத்தம் செய்து வணங்கும் நாள் அடுத்த மாதத் தொடக்கத்தில் வருகிறது. உன் அப்பாவின் கல்லறை மேட்டில் புலி குடும்பம் நடத்தும் அளவுக்குப் புல் வளர்ந்து கிடக்கிறது. மாவீரன் நானே ஒரு மூச்சில் அறுத்துவிடுவேன், ஆனால் தொடமாட்டேன். அரிவாளைத் தீட்டி, உன் கைக்கு எட்டும்படி வாசலில் மாட்டியிருக்கிறேன்.

வழியெல்லாம் ரயில் சன்னலோர இடம் உனக்கே வாய்க்கட்டும்.

உன் வரவுக்காக மிளகாய்ப் புகையிலும் தும்மாமல் காத்திருக்கும்,
மாமன் ஜென்பாங்