ரெண்டு பேர் ஏறி நின்ற ஸ்பேனர்

உன் டிரில் பையைத் திறந்ததும் தைல வாசனை வந்தது. பேட்டரிக்குப் பக்கத்தில், ஆணிகளோடும் திருகுகளோடும் சேர்த்து, பாதி தீர்ந்த தைலக் குப்பி ஒன்றையும் போட்டு வைத்திருக்கிறாய். பையின் மூலையில் செங்கல் தூள். அது என் வீட்டுச் சுவருடையது. தீபாவளிக்கு முன் சாமிப் பலகை மாட்ட நீ துளை போட்டபோது விழுந்தது. பையை உன் வீட்டுக்காரர் போன வாரம் கொண்டுவந்து கொடுத்தார். "இது உங்ககிட்டயே இருக்கட்டும்மா. எங்க வீட்ல யாருக்கும் இதத் தொட மனசு வரல," என்றார். அவர் கேட்டைச் சாத்திவிட்டுப் போகும்வரை பொறுத்துக்கொண்டு, பிறகு உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்த கையோடு சார்ஜரைச் செருகினேன். வேறு வழியில்லை, எனக்கு ஒரு வாரம்தான் தவணை இருந்தது. அந்த ஒரு வாரத்தில் என்ன நடந்தது என்று உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

நம் பள்ளி வேனின் கதி என்ன என்று குடியிருப்புத் தாமானில் பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். ஒரு வேன், இரண்டு டிரைவர்கள். காலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உனக்கு, மத்தியானப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எனக்கு. ஏழு வருஷமாக ஸ்கூடாயின் நெரிசலில் அப்படித்தான் ஓட்டினோம். நீ ஆஸ்பத்திரியில் படுத்த நாளிலிருந்து உன் காலைப் பிள்ளைகளை வேறொரு வேன்காரர் ஏற்றிக்கொள்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் எத்தனை நாளைக்கு இப்படியே போகும்? "திங்கக்கெழமைக்குள்ள முடிவ சொல்லுங்க. காலையும் நீங்களே ஓட்ட முடியும்னா சந்தோஷம். முடியலன்னா மத்தியானத்தையும் நானே எடுத்துக்கிறேன், வேனையும் நானே வாங்கிக்கிறேன்," என்றார்.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றியபடியே கேட்டார்: "ஓட்டலாம், சரி. வழியில டயர் போச்சுன்னா? நீங்க ரெண்டு பேரு இருந்தீங்க. இப்ப நீ ஒருத்திதான்." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் சொன்னது உண்மை என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது.

உனக்குக் காலையில் டயர் போனால் நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடி வருவேன். எனக்கு மத்தியானத்தில் போனால் நீ வருவாய். ஆளைக் கூப்பிட்டால் ஒரு மணி நேரம் ஆகும். பள்ளி மணி அதுவரை காத்திருக்காது. அதனால் எப்போதும் நாம் இருவரும்தான். பொந்தியானுக்குப் புதுமனை புகுவிழாவுக்குப் போய்த் திரும்பிய நாளை மறந்திருக்க மாட்டாய். இருவருக்கும் பட்டுச் சேலை. நல்ல வெயில். டயர்க் கடைக்காரன் காற்று மெஷினால் இறுக்கி வைத்த நட்டு, நாம் எவ்வளவு தம் பிடித்தும் அசையவில்லை. கடைசியில் ஸ்பேனரின் கைப்பிடியில் நீ ஒரு காலை வைத்தாய், நான் ஒரு காலை வைத்தேன், வேனைப் பிடித்துக்கொண்டு இருவரும் அதன் மேல் ஏறி நின்று குதித்தோம். லாரிக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்துத் தலையை நீட்டிச் சிரித்தார். நீ விடவில்லை. "சிரிச்சது போதும் லா, எறங்கி வந்து ஏறுங்க. எடை பத்தல," என்றாய். அவர் இறங்கி வரவில்லை. நட்டு மட்டும் வந்தது.

அந்த வாரமே நீ ஒரு வேலை செய்தாய். சுவரில் துளை போடும் இதே டிரில்லின் வாயில் ஒரு இணைப்பை மாட்டி, அதில் டயர் நட்டுக்கான சாக்கெட்டைச் செருகி, வேனின் முன்னால் குந்திவிட்டாய். "திருகச் சுத்துற மெஷினு நட்டச் சுத்தாதா?" என்று கேட்டாய். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. விசையை அழுத்தினாய். நட்டு இருந்த இடத்திலேயே இருந்தது, டிரில்தான் உன் கையோடு சுற்றியது. பத்து நாளைக்கு மணிக்கட்டில் கட்டு. தைலக் குப்பி இந்தப் பைக்குள் வந்தது அப்போதுதான். தட்டித் தட்டிச் சுற்றும் மெஷின் வேறு, சும்மா சுற்றும் மெஷின் வேறு என்று கைவலியில்தான் நாம் கற்றுக்கொண்டோம். டிரில்லின் முறுக்கு முழுக்கப் பிடித்திருப்பவரின் கைக்குத் திரும்பி வரும். இம்பேக்ட் ரெஞ்ச் உள்ளே சுத்தியல்போல் அடித்து அடித்துச் சுற்றுவதால் கைக்கு அவ்வளவு வராது.

பிறகு அதை வாங்கத்தான் ஜொகூர் பாருவுக்குப் போனோம். அந்தச் சண்டையை எழுத எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அடுக்கில் இருந்ததிலேயே பெரியதை நீ தூக்கினாய். "இது இருபது வோல்ட்டு. அது பதினெட்டுதான். கூட இருக்கிறதத்தான் வாங்கணும்," என்றாய். உன் டிரில் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனியாக இருக்க வேண்டும், அப்போதுதான் ஒரே பேட்டரி இரண்டுக்கும் பொருந்தும் என்றும் சொன்னாய். எனக்கோ அதைத் தூக்கவே தோள் வலித்தது. வேறு கம்பெனியின் சின்னது ஒன்று, கூடவே இலவசமாக ஒரு டார்ச் லைட்டோடு, பெட்டியில் அழகாக இருந்தது. நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். வார்த்தை தடித்தது. "உனக்கு எல்லாமே பெருசா இருக்கணும், உன் வாய் மாதிரி," என்று சொல்லிவிட்டேன். நீ போய் வேனில் உட்கார்ந்துவிட்டாய். எப்போதும் பதிலுக்குப் பதில் கொடுக்கிறவள், அன்றைக்கு ஏன் கொடுக்கவில்லை? வயிறு அப்போதே வலித்துக்கொண்டிருந்ததா?

ஒரு வாரம் சாவியை மட்டும் கைமாற்றிக்கொண்டோம். எட்டாம் நாள் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நீ என்னிடம் முதலில் கேட்டது, "அந்த மெஷின வாங்கிட்டியா?" என்றுதான். "நீ வீட்டுக்கு வாடி, சேந்து போய் வாங்கலாம்," என்றேன். நீ வீட்டுக்கு வரப்போவதில்லை என்று அன்று காலையே டாக்டர் சொல்லியிருந்தார். உனக்கும் தெரிந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு, "நான் சொன்னேன்னு பெருச வாங்கிடாத. நீ தூக்கிப் பாத்து வாங்கு. ஆனா பேட்டரி விஷயம் நான் சொன்னதுதான்," என்றாய். விட்டுக்கொடுப்பதிலும் பாதிதான் விட்டுக்கொடுத்தாய். அதற்காகவே உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, மூக்கில் குழாய் இருந்ததால் காலைத்தான் பிடித்துவிட்டேன்.

சனிக்கிழமை நான் தனியாக அதே கடைக்குப் போனேன். உன் டிரில்லைப் பையோடு தூக்கிக்கொண்டு போனேன், பேட்டரி பொருந்துகிறதா என்று அங்கேயே போட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா? கடை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். வீட்டுக்காரருக்கு வாங்குகிறாயா என்று மலாயில் கேட்டார். எனக்குத்தான் என்றேன். அதன் பிறகு ஒழுங்காகக் காட்டினார். பதினெட்டு வோல்ட்டுக்கும் இருபது வோல்ட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று உன் சார்பில் கேட்டேன். "சாமா சாஜா, காக்," என்றார், ரெண்டும் ஒன்றுதான் அக்கா என்று. முழுசாகச் சார்ஜ் ஏறியதும் இருபது காட்டும், வேலை செய்யும்போது பதினெட்டில் நிற்குமாம். ஒரு கம்பெனி இதை எழுதுகிறது, இன்னொரு கம்பெனி அதை எழுதுகிறது. இதற்காகவா ஒரு வாரம் பேசாமல் இருந்தோம்? திரும்பிப் பார்த்து உன்னிடம் சொல்ல வாயெடுத்துவிட்டேன். பின்னால் பெயின்ட் டின்கள்தான் இருந்தன.

பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பலத்தையும் நான் நம்பவில்லை. அது பெரும்பாலும் நட்டைக் கழற்றும்போது உள்ள உச்சபலம். இறுக்கும்போது உள்ளது கீழே பொடி எழுத்தில் இருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத்தான் படித்தேன். பிறகு உன் டிரில் கம்பெனியிலேயே மூன்று மெஷின்களைக் கேட்டு வாங்கி, கடையின் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தேன். டயர் இருக்கும் உயரத்தில் கையை நீட்டி, ஒவ்வொன்றையும் இருபது எண்ணும்வரை பிடித்துப் பார்த்தேன். தூக்கிப் பார் என்றாயே, அதைத்தான் செய்தேன். பெரியது பன்னிரண்டிலேயே ஆடியது. சின்னது நன்றாக நின்றது, ஆனால் அது எஞ்சின் பக்கத்துச் சின்ன போல்ட்டுகளுக்குத்தான் ஆகும், வேன் டயருக்குத் தாங்காது என்று தவுக்கே தலையை ஆட்டினார். நடுவில் இருந்ததை எடுத்தேன். பேட்டரி இல்லாமல் மெஷினை மட்டும். நான் கட்டிப்பிடித்து நின்ற அந்த டார்ச் லைட் பெட்டியை வாங்கியிருந்தால், உன் பேட்டரி அதற்குப் பொருந்தியிருக்காது. நீ சொன்னதுதான் சரி. கொஞ்ச நேரம் அந்த அடுக்கின் முன்னால் நின்று அதை ஒப்புக்கொண்டேன். அடித்து வேலை செய்யும் மெஷினுக்கென்றே இருக்கும் கறுப்பு சாக்கெட்டும், எவ்வளவு இறுக்கம் போதும் என்று 'டக்' சத்தத்தில் சொல்லும் டார்க் ரெஞ்சும் சேர்த்து எடுத்தேன். பளபளக்கும் சாதாரண சாக்கெட்டை மாட்டினால் மெஷின் அடிக்கும் அடியில் விரிசல் விட்டுத் தெறிக்குமாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு முன்னால் கார் நிற்கும் இடத்தில் பரீட்சை. "பக்கத்துல வரக் கூடாது, பேசக் கூடாது," என்று என் வீட்டுக்காரரை நாற்காலியில் உட்கார வைத்தேன். டயருக்குக் கட்டை கொடுத்தேன். உன் டிரில்லின் பேட்டரியைப் போட்டு அழுத்தினேன். முதல் நட்டு முனகியது, மெஷின் விளக்கு சிமிட்டி நின்றுவிட்டது. பேட்டரி பொருந்துவது வேறு, அதில் போதுமான சக்தி இருப்பது வேறு என்று நம் இருவருக்குமே தெரியாமல் போயிற்றே. சுவரில் துளை போடும் மெல்லிய பேட்டரி இதற்குக் காணாது. கதவைக்கூடச் சாத்தாமல் மோட்டாரை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். அதே கம்பெனியில் தடித்த பேட்டரி ஒன்றை வாங்கி வந்து போட்டேன். நான்கு நட்டுகள் வரிசையாகத் தளர்ந்தன. ஐந்தாவது அசையவில்லை.

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "நில்லுங்க," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. துருவுக்கு அடிக்கும் எண்ணெயை அடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து காத்திருந்தேன். அவர் மறுபடியும் உட்கார்ந்தார். பத்து நிமிஷம் கழித்து, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு தட்டு, அப்புறம் கழற்றும் பக்கம். மறுபடியும் ஒரு தட்டு, மறுபடியும் கழற்றும் பக்கம். நாலாவது தடவை, கரகரத்துக்கொண்டே தளர்ந்தது. நான் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. ஜாக்கை வைத்து வேனைத் தூக்கினேன். நட்டுகளைக் கழற்றி, ஸ்பேர் டயரை மாட்டி, ஐந்து நட்டையும் கையால் பிடிக்க வைத்தேன். மெஷினால் அடித்து இறுக்கிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். டயர்க் கடைக்காரன் செய்தது அதைத்தான், நான் செய்யவில்லை. வேனைத் தரைக்கு இறக்கி, எதிரெதிராக டார்க் ரெஞ்சால் ஐந்து 'டக்' கேட்கும்வரை இறுக்கினேன். அடுத்த முறையும் அவிழ்க்கப்போவது நான் ஒருத்தி அல்லவா?

அவர் வந்து டயரைக் காலால் ஒரு தட்டு தட்டினார். "ஜாக்க இன்னுங் கொஞ்சம் உள்ள வெச்சிருக்கலாம்," என்றார். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்க முடியாது. எண்ணெய்க் கையோடு அப்போதே அந்த வேன்காரருக்குப் போன் போட்டேன். வேன் விற்பதற்கில்லை, நாளையிலிருந்து காலைப் பிள்ளைகள் எனக்கு என்று சொன்னேன்.

திங்கட்கிழமை இருட்டோடு உன் வழியில் கிளம்பினேன். உன் வீட்டைத் தாண்டித்தானே போக வேண்டும்? உன் வீட்டுக்காரர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அந்த நேரத்தில் ஏன் எழுந்தீர்கள் என்று கேட்டேன். "பழக்கம்மா. அவ மூணு அலாரம் வெப்பா, ஒண்ணுக்கும் எந்திரிக்க மாட்டா. நாந்தான் தட்டி தட்டி எழுப்புவேன். தெனமும் எரிஞ்சு விழுவா," என்றார்.

வேன் வாங்கிய அன்றைக்கு, "எனக்குக் காலைதான் தோது லா, கோழி கூவ எந்திரிச்சுப் பழக்கம்," என்று நீதானே சொன்னாய்? என் வீட்டுக்காரர் விடியுமுன்னே சிங்கப்பூர்ப் பாலம் தாண்ட வேண்டும், அவருக்குச் சோறு கட்டிவிட்டு நான் கொஞ்சம் கண்ணயர வேண்டும் என்று உனக்குத் தெரியும். ஏழு வருஷம் அந்தப் பொய்யைக் காப்பாற்றியிருக்கிறாய். ஒரு சண்டையில்கூட, அந்தக் கடைசிச் சண்டையில்கூட, அதை எடுத்து என் முகத்தில் எறியவில்லை.

கடைசி வீட்டில் ஒரு அம்மா பிள்ளையை ஏற்றிவிட்டு, இனிமேல் காலையில் யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். அப்படியென்றால் மத்தியானம் யார் என்றார். அதுவும் நான்தான் என்றேன்.

எனக்கும் எழுந்திருக்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இன்றைக்கு மூன்று அலாரம் வைத்திருக்கிறேன்.