ஒரு வளவில் இரண்டு உலை

சிவமயம்

வட்டுக்கோட்டை
12.6.1992

சம்பந்தியம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அங்கேயும் அப்படித்தான் இருப்பீர்கள் என்று வைரவரை நம்பியிருக்கிறேன். வெங்காயம் ஏற்றிக்கொண்டு நெல்லியடிக்கு வரும் வின்சன்ற் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். உங்கள் மகள் இராசமலர் என் உலையைப் பிரித்துவிட்டாள்.

போன கிழமை காலமை குசினிக்குள் போனால் என்னுடைய சட்டி, அகப்பை, ஒரு சுண்டு அரிசி எல்லாம் வீட்டின் பின்பக்கத்துப் பத்தித் தாழ்வாரத்துக்குப் போய்விட்டன. “மாமி, இனி நீங்கள் வேறையாச் சமையுங்கோ. என்ரை சமையல் உங்கடை வாய்க்குப் பிடிக்குதில்லைத்தானே” என்கிறாள். கலியாணம் கட்டி ஒன்பது வருடம் வாய் திறவாமல் இருந்தவள். என் மகன் சண்முகநாதன் அரசாங்கக் கந்தோரில் எல்லோருக்கும் பதில் எழுதுகிறவன். பெண்டாட்டி கதைத்தால் கூரையைப் பார்க்கிறான்.

இரண்டு நாள் கழித்து, ஊர்ப் பதிவுகளைப் பார்க்கிற விதானையாரோடு கணக்கெடுக்கிற ஒரு பெண்பிள்ளை வந்தது. எந்த வீட்டில் சாப்பாடு உண்டு, எந்த வீட்டில் இல்லை என்று அளக்கிறார்களாம். ஒரு உலை என்றால் ஒரு குடும்பமாம். நேற்று என்ன சாப்பிட்டீர்கள், மீன் எப்போது கண்டீர்கள், பசியோடு படுத்தீர்களா என்று கேட்டது. பெற்ற தாயும் அப்படிக் கேட்க மாட்டாள். “எங்கடை வீட்டிலை ஒருத்தரும் பசியோடை படுத்ததில்லை, பிள்ளை” என்றேன். உடனே இராசமலர் குறுக்கே வந்தாள். “மாமி வெக்கத்திலை சொல்லுறா. அவ தனியாச் சமைக்கிறவ. அவவுக்கு ஒரு வருமானமும் இல்லை.” விதானையாரின் முன்னால் என் மானத்தை முற்றத்தில் கொட்டிவிட்டாள்.

உலை பிரிந்ததும் அளக்க வந்ததும் ஒரே கிழமையில். இதில் ஏதோ இருக்கிறது. கலியாணத்தன்று என் தமையனை இரண்டாம் பந்தியில் இருத்திய வீட்டின் புத்தி வேறு எப்படி இருக்கும். நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்களா, இல்லையா? இரண்டு வரி எழுதுங்கள்.

சிவக்கொழுந்து


நெல்லியடி
20.6.1992

மதிப்புக்குரிய சம்பந்தியம்மா,

கடிதம் வந்தது. வின்சன்ற் நல்ல வெயிலில் வந்தான். மோர் கொடுத்துத்தான் அனுப்பினேன், இல்லாவிட்டால் அதையும் ஞாபகம் வைத்திருப்பீர்கள். உங்கள் தமையனார் அன்று பிந்தி வந்தவர், முதற்பந்தி அப்போது எழும்பிவிட்டது. ஒன்பது வருடமாக இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உலை விஷயம் எனக்குத் தெரியாது. மகள் ஒன்றும் எழுதவில்லை. வயதுபோன உங்களோடு அவள் அப்படிக் கதைத்தது பிழைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். அவளின் உடம்பு எப்படி இருக்கிறது? அதைப்பற்றி நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லையே.

பத்மாவதி


வட்டுக்கோட்டை
2.7.1992

சம்பந்தியம்மாவுக்கு,

தெரியாது என்று எழுதினீர்கள், அது பொய். என் கடிதத்துக்கு முன்னமே இராசமலர் உங்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பியதாக வின்சன்ற் என்னிடம் உளறிவிட்டான்.

எனக்கு நிவாரண அட்டை வந்திருக்கிறது. கேட்காத எனக்கு ஏன் வந்தது? இவளே கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நின்று மாவும் பருப்பும் சீனியும் வாங்கி வந்து என் பத்தியில் வைக்கிறாள். என்னைக் காட்டி வாங்கித் தான் தின்னப் பார்க்கிறாள் என்று, பை வாயில் எனக்கு மட்டும் தெரிந்த முடிச்சுப் போட்டு வைத்தேன். அது அவிழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம். மா வேண்டாமென்றால் வேறு எதற்கு? வீட்டை இரண்டாக எழுதுவித்து, நாளைக்கு வளவுக் காணியையும் இரண்டாக்கவோ?

ஆடி முதல் வெள்ளிக்கு அளக்கிற பிள்ளை திரும்ப வருகிறது. இங்கே ஒரே உலைதான், இவள் சொன்னது பொய் என்று சொல்லப் போகிறேன். அட்டை போனால் போகட்டும்.

சிவக்கொழுந்து


நெல்லியடி
9.7.1992

சம்பந்தியம்மா,

உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், சொல்லிவிடாதீர்கள். நான் எழுதியது பொய்தான். மகள் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

மருமகனுக்குச் சம்பளம் இருக்கிறது என்று உங்கள் வீட்டுக்கு அட்டை இல்லை. இப்போது விற்கிற விலைக்கு அந்தச் சம்பளம் எத்தனை நாளைக்குக் காணும்? தனி உலை என்றால் நீங்கள் வருமானம் இல்லாத கைம்பெண், உங்களுக்குக் கிடைக்கும். உள்ளதைச் சொன்னால், பிச்சை வாங்க மாட்டேன் என்று நீங்கள் விதானையாரிடமே போய் நிற்பீர்கள். அதனால்தான் சண்டை பிடித்தாள். உங்கள் பங்காவது நிச்சயமாகட்டும் என்று எழுதியிருந்தாள்.

அளக்கிறவர்கள் உலையை எண்ணுகிறார்கள். அந்த உலையில் கடைசியாகச் சாப்பிடுகிறவளுக்கு என்ன மிஞ்சுகிறது என்று கேட்கவில்லை. “அக்காவின்ரை காப்பு முழங்கை வரைக்கும் ஏறுது, அவ்வளவுக்கு மெலிஞ்சுபோனா” என்று வின்சன்ற் சொன்னான். அவன் சொல்லித்தான் பெற்றவள் நான் அறிய வேண்டியிருக்கிறது.

பத்மாவதி


வட்டுக்கோட்டை
19.7.1992

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான் நம்பவில்லை. மத்தியானம் குசினி யன்னலோரம் நின்று பார்த்தேன். மகன் சாப்பிட்டான், பேத்தி சாப்பிட்டாள். இவள் சட்டியை வழித்து, தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, நின்றபடியே குடித்தாள். இந்த வீட்டில் யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் எனக்கு ஞாபகம். இவள் கீழே இருந்து சாப்பிட்ட ஒரு நாளை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை வந்தது. “ஆச்சி, இப்பவும் வேறையோ?”

“உவளின்ரை கையாலை பச்சைத்தண்ணியும் குடிக்க மாட்டன்” என்றேன்.

இராசமலர் திகைத்துப்போனாள். பிறகு, “குடியாட்டி விடுங்கோ, ஆர் தாறன் எண்டது” என்றாள். நல்லாய் நடிக்கிறாள், உங்கள் மகள்தானே. விதானையார், “உவையள் ரெண்டு பேரும் இந்தப் பிறப்பிலை ஒரு உலையிலை சமைக்க மாட்டினம், எழுதிக்கொள்ளு பிள்ளை” என்றார்.

ஆகையால் நீங்கள் எனக்கு இனிக் கடிதம் எழுத வேண்டாம். வின்சன்ற் வாய் பொறுக்காதவன், சம்பந்திமார் சமாதானம் என்று சங்கக்கடை வரை சொல்லிவிடுவான், பிறகு அட்டை போய்விடும்.

அவர்கள் போனபிறகு பத்தியில் பிட்டு அவித்தேன், முருங்கையிலையும் வறுத்தேன். இவளைக் கூப்பிட்டால், “வையுங்கோ மாமி, பிறகு தின்னுறன்” என்கிறாள். “இரடி” என்றேன். இருந்தாள். பாதியைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துப் பேத்திக்குக் கொண்டுபோவாள் என்று எனக்குத் தெரியும். உங்கள் மகளை நான் கொஞ்சமும் நம்பவில்லை, சம்பந்தியம்மா. ஒவ்வொரு வாயும் விழுங்கும் மட்டும் முன்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக்கும் பார்ப்பேன்.

சிவக்கொழுந்து