யு.பி.எஸ். சரியான வாரம்

மார்ச் 9, திங்கள்

காலையிலேயே வெயில். கிணற்றுக் கயிறு போதவில்லை, அம்மா பழைய கயிற்றை ஒட்டுப் போட்டாள்.

ஒற்றசேகரமங்கலம் கோயில் திருவிழா நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். முக்கால்வாசி முடிந்திருந்தது. கரண்ட் போனது. யு.பி.எஸ். ஒரு தடவை கத்தியது. நான் கை நீட்டுவதற்குள் கம்ப்யூட்டர் தானாக மூடத் தொடங்கித் திரை கறுத்துவிட்டது. சேவ் செய்திருக்கவில்லை. கொடியேற்று முதல் கடைசி நாள் வெடிக்கட்டு வரை எல்லாம் போயிற்று.

இந்த யு.பி.எஸ். வாங்கியதே இதற்காகத்தான். கரண்ட் போனால் கொஞ்ச நேரம் பேட்டரியில் ஓடும், அதற்குள் வேலையைச் சேமித்துவிடலாம். தை மாதம் வரை ஒழுங்காக ஓடியது. இப்போது ஒரு மூச்சு கூடத் தாங்கவில்லை.

மறுபடியும் கொடியேற்றிலிருந்து தொடங்கினேன்.

சாயங்காலம் தங்கப்பன் மாமா வந்தார். பிந்து டீச்சரின் அப்பா. முகமெல்லாம் சிரிப்பு. "மக்கா கண்டா, நம்ம பிந்துவுக்க கல்யாணம் உறப்பிச்சாச்சு. பையன் மார்த்தாண்டத்துல பேங்குலயாக்கும். சித்திரையில வச்சிருக்கு. கார்டு நீ தான் அடிச்சுத் தரணும். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் மலையாளம்."

"அதுக்கென்ன மாமா" என்றேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. விவரம் எழுதிய தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு சனிக்கிழமையாகப் பிந்து தமிழ் திருத்தித் தர ஏன் வரவில்லை என்பது தெரிந்துவிட்டது.

அம்மா கேட்டாள், "நீ ஏன் சோறு திங்கல்ல?" வெயில் என்றேன்.


மார்ச் 10, செவ்வாய்

மழை வரும்போல் மூடிக்கொண்டு நின்றது. வரவில்லை.

நெய்யாற்றின்கரை கம்ப்யூட்டர் கடையில் இருந்து ஷிபு வந்தான். யு.பி.எஸ்ஸைத் தட்டிப் பார்த்து, "பாட்டரி வீக்காணு சேட்டா" என்றான். எதைக் கொண்டுபோனாலும் அவன் சொல்வது அதுதான். கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு ஒரு பல்பை மாட்டிப் பார்ப்போம் என்றேன். மாட்டினோம். ப்ளக்கைப் பிடுங்கினோம். பல்பு எரிகிறது, எரிகிறது, ஷிபு ஒரு டீ குடித்து முடித்தும் எரிகிறது. "அப்போ பாட்டரி ஓக்கேயாணு" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டான்.

பேட்டரி நன்றாக இருக்கிறது. கம்ப்யூட்டர் மட்டும் சாகிறது. ஏன்?

மத்தியானம் பி.யின் கார்டை எடுத்தேன். தமிழ்ப் பக்கம். 'எங்கள் அன்பு மகள்' என்று அடித்து எழுத்தைப் பெரிதாக்கினேன். தமிழ்ச் சித்திரையும் மலையாள மேட மாசமும் சில வருஷம் ஒரு நாள் முந்திப் பிந்தித் தொடங்கும், தேதி இரண்டு பக்கமும் இரண்டாகிவிடும், பார்க்கிறவன் இரண்டு கல்யாணமா என்று கேட்பான். பஞ்சாங்கம் பார்த்தேன். இந்த வருஷம் ஒத்து வருகிறது. இப்படி ஒரு தப்பாவது கிடைக்கும், அதைக் காரணம் சொல்லி நாலு நாள் தள்ளலாம் என்று பார்த்தேன். கிடைக்கவில்லை.

மாப்பிள்ளை பெயருக்கு வரும்போது லோட் ஷெட்டிங். போயிற்று.

உண்மையைச் சொன்னால், கோபம் வரவில்லை. போகட்டும் என்றுதான் இருந்தது.


மார்ச் 11, புதன்

பார்த்தவை:
பேட்டரி - நல்லது.
பிரிண்டர் - அதுவும் யு.பி.எஸ்ஸில் இருந்தது, பாரம் தாங்கவில்லையோ என்று எடுத்துச் சுவர் ப்ளக்கில் மாட்டினேன். பலன் இல்லை.
மானிட்டர் - கொஞ்ச நேரம் அணைத்துவைத்துப் பார்த்தேன். ஊஹூம்.
அம்மா சொன்ன வழி - "மேலத் தெரு பிரபாகரன் வீட்டுலயும் இப்பிடித்தான் கேடாச்சு. அவன் வித்துப்போட்டான்."

ஒன்று கவனித்தேன். கம்ப்யூட்டர் பட்டென்று அணையவில்லை. ஒழுங்காக விடைபெற்று, 'இனி அணைக்கலாம்' என்று காட்டிவிட்டுத்தான் அணைகிறது. கரண்ட் கிடைக்காமல் சாகவில்லை, யாரோ மூடச் சொல்கிறார்கள், மூடுகிறது.

இதை உடனே பி.யிடம் சொல்லத் தோன்றியது. இந்த மாதிரிச் சின்ன விஷயங்களை அவளிடம்தான் சொல்வேன். பாறசாலையில் தமிழ் டீச்சர். மூன்று வருஷமாகச் சனிக்கிழமைதோறும் வந்து நான் அடிக்கும் தமிழைத் திருத்தித் தருகிறாள். மலையாளம் படித்தவன் தமிழ் அடித்தால் எப்படி இருக்கும் என்று கேலி செய்வாள். என் ற-வும் ர-வும் அவளுக்கு நல்ல தமாஷ். நான் 'டீச்சர்' என்பேன், அவள் 'அண்ணன்' என்பாள். போன ஓணத்துக்குப் பிறகு அந்த அண்ணன் நின்றுவிட்டது. எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேசுவாள். "இஞ்ச பாருங்க, இதில ஒற்று வேணும்." நான் அதைக் கவனித்தேன். நன்றாகவே கவனித்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

அவள் சர்க்கார் டீச்சர். நான் முன்னறையில் கம்ப்யூட்டர் வைத்து நோட்டீஸ் அடிக்கிறவன். என்ன கேட்பது.

இன்று கார்டைத் தொடவில்லை.


மார்ச் 12, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

யு.பி.எஸ்ஸுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஒரு மெல்லிய கேபிள் உண்டு. கரண்ட் கேபிள் இல்லை, பேச்சுக் கேபிள். கரண்ட் போயிற்று, பேட்டரி இவ்வளவு இருக்கிறது என்று யு.பி.எஸ். அதன் வழியாகச் சொல்லும், கம்ப்யூட்டரில் உள்ள ப்ரோகிராம் கேட்டு நடக்கும். தை மாதம் வெள்ளையடிக்க மேஜையை நகர்த்தியபோது அது காலில் மாட்டி அறுந்துவிட்டது. கையில் வேறு கேபிள் ஒன்று கிடந்தது. இரண்டு பக்கமும் அதே வாய், அதே ஊசிகள். அச்சு அசலாக இருக்கிறதே என்று மாட்டினேன். அன்றைக்குத் தொடங்கிய சனியன் இது.

இன்று அந்தக் கேபிளைக் கழற்றிவிட்டுச் சுவர் ப்ளக்கைப் பிடுங்கினேன். யு.பி.எஸ். கத்துகிறது, கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடுகிறது. நான் எழுந்து நின்று பார்த்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "என்னலே, தன்னால சிரிக்கிய?" என்றாள்.

வாய் ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே கம்பி வேறு மாதிரி. பேட்டரி நிறைய இருக்கும்போதே 'தீர்ந்துபோச்சு, ஒண்ணும் இல்லை' என்று இது போய்ச் சொல்லியிருக்கிறது. கம்ப்யூட்டரும் நம்பி மூடியிருக்கிறது.

சிரிப்பு கொஞ்ச நேரம்தான். சொல்ல ஆள் இல்லை.


மார்ச் 13, வெள்ளி

நெய்யாற்றின்கரை பஸ்ஸில் நிற்க இடம் இல்லை. கோர்ட்டுக்குப் போகிற கூட்டம். கடையில் ஷிபுவின் முதலாளி அலமாரியைக் கவிழ்த்துச் சரியான கேபிளை எடுத்துத் தந்தார். ஷிபு என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாட்டினேன். ப்ரோகிராமையும் புதிதாகப் போட்டேன். கரண்ட் போனால் எத்தனை நிமிஷம் காத்திருக்கட்டும் என்று கேட்கிறது. ஐந்து. மூடும் முன்னால் திறந்துகிடக்கும் வேலைகளை அதுவே சேமிக்கட்டுமா என்று ஒரு சின்னக் கட்டம். இதுவரை கண்ணில் படவே இல்லை. டிக் போட்டேன்.

சோதனை: நோட்டீஸைத் திறந்து கடைசியில் 'அம்மா' என்று அடித்து, சேவ் செய்யாமல் ப்ளக்கைப் பிடுங்கினேன். கத்தியது. காத்திருந்தது. சேமித்தது. மூடியது. மறுபடி திறந்தால் 'அம்மா' அப்படியே இருக்கிறாள். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கோயிலு நோட்டீசுல என் பேரு என்னத்துக்கு?" என்றாள். அழித்தேன்.

இனிக் கரண்டைக் காரணம் சொல்ல முடியாது. பி.யின் கார்டை அடித்தே ஆகவேண்டும்.

தங்கப்பன் மாமா வழியில் பார்த்துக் கேட்டார். நாளைக்கு முடிந்துவிடும் என்றேன். "பிந்து வந்து ஒரு தடவ வாசிச்சுப் பாப்பா. தப்பு இருந்தா அவளே திருத்துவா."


மார்ச் 14, சனி

காற்று இல்லை. மலையாளப் பக்கம் காலையில் முடிந்தது. தமிழ்ப் பக்கம் மத்தியானம். இரண்டு பக்கமும் சரிபார்த்துச் சேவ் செய்தேன். நல்ல வேலை. சொந்தக்காரன் செய்வதுபோல் செய்திருக்கிறேன்.

சனிக்கிழமை ஆனதால் வாசல் படலைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். மீன்காரி. தபால்காரர். பிறகு ஆடு.

சாயங்காலம் ஒரு காரியம் செய்தேன். கிறுக்குத்தனம். தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, மாப்பிள்ளை பெயர் சுரேஷ்குமார் என்று இருந்த இடத்தில் என் பெயரை அடித்தேன். ஸ்ரீகண்டன். அதே எழுத்து, அதே அளவு, அதே சிவப்பு. பிந்து, கீழே ஸ்ரீகண்டன். சும்மா எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான். நன்றாகத்தான் இருந்தது. பொருத்தமாக இருந்தது. முப்பத்து நாலு வயசில் ஒரு கார்டைப் பார்த்து அழுதேன்.

அப்போது லோட் ஷெட்டிங். யு.பி.எஸ். கத்தத் தொடங்கியது. அம்மா முற்றத்தில் இருந்து, "கறண்டு போச்சில்லியா, பின்ன அந்த இருட்டுல என்னத்துக்கு இருக்க? வெளிய வா மக்கா." முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே எழுந்து வந்துவிட்டேன். அழிக்கக்கூட மனசு வரவில்லை. நல்லவேளை, சேவ் செய்யாதது. எத்தனை நோட்டீஸைத் தின்ற கரண்ட், இதையும் தின்றுகொண்டு போகட்டும்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஒற்றசேகரமங்கலம். நோட்டீஸை அவர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்கணும்.


மார்ச் 15, ஞாயிறு

கோயில் ஆட்கள் நோட்டீஸில் யார் பெயர் மேலே வருவது என்று சண்டை. ஒரு வழியாக முடித்துத் திரும்ப மத்தியானம் தாண்டிவிட்டது.

அம்மா சோறு போட்டுக்கொண்டே, "பிந்து வந்திருந்தா" என்றாள்.

"எப்போ?"

"நீ போன பெறகாக்கும். கார்டு பாக்கணும்னா. நான் இந்தச் சாதனத்தத் தொடமாட்டேன், நீயே போட்டுக்கோ மக்களேன்னேன். அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"பாத்தாளா?"

"பாத்தா. தண்ணி வேணுமான்னு கேட்டேன், கேக்காத மாதிரி இருந்தா. பெறவு என்னமோ அடிச்சா. போறப்ப, மாப்பிளைக்க பேரு மாறிக் கெடந்துது, திருத்தியாச்சுன்னு சொல்லச் சொன்னா."

கையில் இருந்த உருண்டை அப்படியே நின்றது. ஐந்து நிமிஷம். சின்னக் கட்டம். நானே போட்ட டிக். இரண்டு மாசப் பழக்கம், கரண்ட் போனால் எல்லாம் அழியும் என்றுதான் கை நினைக்கிறது. சரிசெய்ததை மறந்தே போனேன்.

"என்ன பேரு கெடந்துதுன்னு கேட்டியா?"

"கேட்டேன். அடிக்கியவங்களுக்குச் சகஜமாக்கும் அம்மான்னா."

ஓடிப்போய்த் திறந்தேன். சுரேஷ்குமார். அவள் அடித்தது. என் பெயரை அவள் கையால் அழித்து, அவன் பெயரை அவள் கையால் அடித்திருக்கிறாள். 'ஷ்' வருகிற இடத்தில் இடைவெளி கொஞ்சம் கூடியிருக்கிறது, அது அவளுக்குச் சரிசெய்யத் தெரியாது, எப்போதும் நான்தான் செய்வேன். செய்தேன்.

வெட்கமா, வேறு என்னமோவா, தெரியவில்லை. செத்துப்போகலாம் போல் இருக்கிறது. அதே நேரம், தெரிந்துவிட்டதே என்று ஒரு லேசும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து இருக்குமா? இருக்கிறது.


மார்ச் 16, திங்கள்

நல்ல மழை, விடியும்போதே. மண் வாசனை.

பிரஸ்ஸில் கொடுக்கக் கார்டைப் பிளாப்பியில் ஏற்றினேன். மாமா வருவார் என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு அவளே வந்தாள். நனைந்த குடையை மடக்கி வெளியே சாய்த்தாள். அம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், அங்கிருந்தே, "இரி மக்களே, காப்பி போடுறேன்" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நின்றாள். நான் எழுந்து நின்றேன். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் யு.பி.எஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது செரியாச்சா?"

"செரியாச்சு. இப்போ கறண்டு போனாலும் ஒண்ணும் போகாது. அதுவே சேவ் பண்ணும்."

"பாத்தேன்."

பிறகு கேட்டாள், "என்ன கேடாயிருந்துது?"

"கேபிளு மாறிப்போச்சு. உள்ளத இல்லைன்னு சொல்லிக்கிட்டு இருந்துது."

அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

"இத முன்னேயே செரியாக்கியிருக்கப்பிடாதா?"

வாசலில் இருந்து அம்மா, "அதத்தான் மக்களே நானும் கேக்கேன்" என்றாள்.

பிளாப்பியைக் கொடுத்தேன்.