கொடி விழுந்த பிறகு

என் சுமதி அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை கோலா சிலாங்கூரில் விரைவுச் சதுரங்கம் ஆடிவிட்டு வந்தேன். மாவட்டக் குழுவில் காலியாகக் கிடந்த உன் இடம் யாருக்கு என்று முடிவு செய்யும் ஆட்டம். நீ காய்ச்சலில் எங்களை விட்டுப் போனபிறகு நான் காயைத் தொடவேயில்லை. அம்மாதான், "போயேன், தோட்டத்து லயத்து வீட்டுல உக்காந்து என்ன பண்ணப்போற?" என்று பஸ் ஏற்றிவிட்டார்.

எதிரில் தஞ்சோங் காராங் ஊரிலிருந்து வந்த மணியம் அண்ணன். நெல் ஆலையில் வேலை செய்பவர், உன்னிடம் எப்போதும் தோற்பவர். "உங்கக்கா மாதிரி என்னைப் போட்டு அடிக்காத லா, தங்கச்சி," என்று சிரித்தார். உடனே அவருக்கே சங்கடமாகி, காய்களைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

ஆளுக்கு அரைமணி நேரம். என் ராணி போய்விட்டது. என் ராஜாவுக்கு ஒளிய இடமில்லை. அப்போது அவருடைய கடிகாரத்தில், நேரம் தீர்ந்தால் விழும் சிவப்புக் கொடி விழுந்தது. நேரம் முடிந்ததை எதிரே ஆடுபவர்தான் சொல்ல வேண்டும். நடுவர் சொல்லக்கூடாது, சுற்றி நிற்பவர்களும் சொல்லக்கூடாது. எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். அவர் மட்டும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் காயை வைத்துவிட்டால் என் ராஜா விழும், ஆட்டம் அவருக்கு. சொன்னால் உன் நாற்காலி எனக்கு. பள்ளியை விட்டு நின்றதிலிருந்து நான் ஆட்களிடம் பேசுவதே குறைவு. ஆனால் கொடி விழுந்ததைச் சொல்லாமல் இருந்தது அதனால் மட்டுந்தானா? உன் இடத்தில் நான் உட்காரலாமா, அக்கா?

அவர் யானையைத் தூக்கினார்.

"கொடி," என்றேன்.

"என்னம்மா?"

"உங்க கொடி விழுந்திருச்சுண்ணே."

யானையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். "எப்ப?"

"கொஞ்ச நேரமாச்சு."

"சொல்ல வேண்டியதுதானே? நான் பாட்டுக்கு மூளையைக் கசக்கிக்கிட்டு இருக்கேன்." கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டுக் கை கொடுத்தார்.

வீட்டில் அம்மா, "ஜெயிச்சியா?" என்றார். தலையாட்டினேன். "சோறு போட்டுக்க," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சந்தோஷமா, துக்கமா? தெரியவில்லை. எனக்குள்ளும் தெரியவில்லை.

குழுச் சட்டை உன் அளவில் இருக்கிறது. அம்மா அதன் தோள்பட்டையை என் அளவுக்குப் பிடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த வாரம் ஷா ஆலாமில் குழுவோடு போட்டி. உன்னைப்போல் ஆட எனக்கு வராது. ஆனால் இது யார் இடம் என்று அங்கே யாராவது கேட்டால், முதலில் உன் பெயரைச் சொல்வேன். பிறகு என் பெயரையும் சொல்வேன். அது நிச்சயம்.

உனக்கு அடுத்துப் பிறந்தவள்,
வள்ளி